மீனம்மா வாசித்த பேஸ் கிட்டார்

செல்லசாமி தன் மனைவி மீது பொறாமைப்பட்டான். இன்னொரு ஆணைச் சேர்த்து நினைக்கும் பொறாமை அல்ல அது. தனக்கு வராத ஒன்று அவளுக்கு வந்துவிட்டதே என்ற பொறாமை. பன்னிரண்டு வருடமாக அவன் தோளில் தொங்கிய வாத்தியம் நாலே மாதத்தில் அவளுடையதாகிவிட்டது. இதை அவனே என்னிடம் சொன்னான், ஒரு தடவை அல்ல, பல தடவை. சில நேரம் சிரித்துக்கொண்டு, பல நேரம் பல்லைக் கடித்துக்கொண்டு. மிச்சத்தை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன்.

என் பெயர் அழகுமுத்து. தலவாக்கலை பஜாரில் ரேடியோ திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அந்தக் காலத்தில் 'நியூ ஸ்டார்' இசைக்குழுவில் டிரம்ஸ் வாசித்தேன். செல்லசாமி பேஸ் கிட்டார். பகலில் அவன் தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் மெஷின்களுக்கு எண்ணெய் போடுகிற ஆள். கோயில் திருவிழா, கல்யாண வீடு, பள்ளிக்கூட விழா என்று எங்கு கூப்பிட்டாலும் போவோம். ஏப்ரல் மாதம் கொழும்பு ஆட்கள் குளிருக்காக நுவரெலியா வரும்போது அங்கே ஒரு ஹோட்டலில் மூன்று வாரம் வாசிப்போம். சினிமாப் பாட்டும், சிங்களவர் ஆடுகிற பைலாப் பாட்டும்தான். நாங்கள் கெட்டிக்காரர்கள் என்று எங்களுக்குள் ஒரு நினைப்பு இருந்தது. செல்லசாமிக்கு அது கொஞ்சம் கூடுதல்.

அந்த நினைப்பைக் கெடுத்தவர் உமாசுதன். தொண்ணூற்று நாலில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கணக்கு படிப்பிக்க வந்த யாழ்ப்பாணத்து வாத்தியார். முப்பது வயது இருக்கும், கல்யாணம் ஆகவில்லை. என் கடைக்கு ஓர்கன் ஒன்றைத் திருத்தக் கொண்டுவந்தார். திருத்தி முடித்ததும் சரியாக இருக்கிறதா என்று வாசித்துப் பார்த்தார். அதைக் கேட்டு நான்தான் அவரைக் குழுவுக்குக் கூப்பிட்டேன்.

உமாசுதனின் அண்ணன் லண்டனில் இருந்தார். பழைய இசைத்தட்டு சேர்க்கிற கிறுக்கு உள்ளவர். தட்டுகளைக் கசெட்டில் பதிந்து தம்பிக்கு அனுப்புவார், கூடவே நீண்ட கடிதங்களும் வரும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நாங்கள் ஒத்திகை பார்க்கிற வாசிகசாலை அறையில், உமாசுதன் அப்படி ஒரு கசெட்டைப் போட்டார். பாட்டுக்காரன் இல்லை, வாத்தியங்கள் மட்டும். டிரம்ஸ் ஒரே தடத்தில் போகிறது. அதன் அடியில் பேஸ் கிட்டார் பேசுகிறது, ஆமாம், பேசுகிறது. நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"இது என்ன சேர்?" என்று செல்லசாமி கேட்டான்.

"ஜாஸ் ஃபங்க்," என்றார் உமாசுதன். "ஜாஸ் எண்டது அமெரிக்காவில கறுப்புச் சனத்தின்ர இசை. பருத்தித் தோட்டங்களுக்கு அடிமையளாக் கொண்டுபோன ஆக்களின்ர பிள்ளையள் உண்டாக்கினது. போகப்போக அது கதிரையில இருந்து கேக்கிற இசையா மாறிட்டுது. அறுபதுகளின்ர கடைசியில ஆடுறதுக்கெண்டே இன்னொண்டு வந்தது. அதுதான் ஃபங்க். அதில முதல் அடிதான் உயிர். முதல் அடி விழுந்தாச் சரி, மிச்சத்தில என்னவும் செய்யலாம்."

"அப்ப ஜாஸ்காரங்க?"

"அவையளில சிலபேர் யோசிச்சவை, நாங்களும் ஆடுற சனத்திட்டப் போவம் எண்டு. ஆளுயர மரப் பேஸை வச்சிட்டு மின்சாரப் பேஸை எடுத்தவை. பெரிய பியானோவை விட்டிட்டு மின்சாரப் பியானோ. அடியில ஃபங்கின்ர தாளம், மேல ஜாஸ்காரரின்ர கற்பனை. பழைய ஆக்கள் சரியா ஏசினவை, இதுகள் இசையைக் கெடுக்குதுகள் எண்டு. ஆனா சனம் ஆடினது."

செல்லசாமி கிட்டாரைக் கீழே வைத்தான். பிறகு, "அடிமைங்கன்னா, நம்ம ஆளுகள தோட்ட வேலைக்குக் கப்பல்ல கொண்டாந்தாங்களே, அந்த மாதிரியா சேர்?" என்றான்.

"அது இதைவிடக் கொடுமை," என்றார் உமாசுதன். "ஆனா நீங்கள் ஏன் கேக்கிறியள் எண்டு எனக்கு விளங்குது."

அன்றைக்கே செல்லசாமிக்கு முதல் பொறாமை தொடங்கிவிட்டது. அது உமாசுதன் மேல். தான் வாசிக்கிற வாத்தியத்தின் வரலாறு, அதைத் தொட்டே பார்க்காத ஒருவருக்குத் தெரிந்திருக்கிறதே என்று. "அந்த பேஸ் நம்மால முடியும் சேர். கசெட்டக் குடுங்க, ஒரு மாசத்துல எடுத்துக் காட்டுறேன்" என்று வாங்கிக்கொண்டு போனான்.

ஒரு மாதம் மூன்று மாதமானது. தொழிற்சாலை வேலை முடிந்து, தோட்டத்து வரிசை வீடான லயத்துக்கு வந்ததும் கசெட்டைப் போடுவான். நான் கட்டிக்கொடுத்த சின்ன ஒலிபெருக்கிப் பெட்டியில் கிட்டாரைச் செருகி வாசிப்பான். நிறுத்துவான், ரிவைண்ட் செய்வான், மறுபடி வாசிப்பான். பக்கத்துக் காம்பிராக்காரர்கள் சுவரில் தட்டுவார்கள். சுரங்கள் எல்லாம் அவனுக்குக் கிடைத்துவிட்டன. ஆனாலும் அந்தப் பேச்சு வரவில்லை. கட்டைவிரலால் தந்தியை அடித்து, சுட்டுவிரலால் அடுத்த தந்தியைக் கிள்ளி எடுக்க வேண்டும். அவன் அடித்தால் அடி மட்டும் கேட்டது, கிள்ளினால் தந்தி கீச்சிட்டது.

மீனம்மா இதையெல்லாம் அடுப்படியில் இருந்து கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு அப்போது இருபத்தெட்டு வயது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக்குப் போய், பேர் கொடுத்து, மலையேறிக் கொழுந்து எடுத்து, அந்தியில் திரும்பிச் சமைக்கிறவள். பிள்ளை இல்லை. மூன்று மாதம் ஒரே பாட்டைக் கேட்டவள் ஒரு நாள் ரொட்டி தட்டிக்கொண்டே சொன்னாள்:

"என்னங்க, நீங்க எல்லா எடத்தையும் ரொப்புறீங்க. அந்தாளு ரொப்பல. அடிச்சிட்டு விட்டுடுறான். விட்ட எடத்துலதான் கால் ஆடுது."

"ஓகோ. ஒனக்கு அம்புட்டு தெரியுமா?"

"தெரியாதுங்க. கேக்குது."

செல்லசாமி கேலியாகத்தான் கிட்டாரை அவள் மடியில் வைத்தான். இடது கையை எங்கே வைப்பது என்று காட்டினான். அன்றைக்கு அவளுக்கு ஒன்றும் வரவில்லை. அவனுக்குச் சந்தோஷமாக இருந்தது. மறுநாளும் கொடுத்தான். பத்தாம் நாள் அவள் கட்டைவிரல் அடித்ததும் சுட்டுவிரல் கிள்ளியதும் ஒரே அசைவில் வந்தன. கொழுந்து கிள்ளுகிற கை அது. ஒரு நாளைக்கு எத்தனை ஆயிரம் தடவை அந்தக் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர்ந்து பிரிகின்றன என்று யார் கண்டது? அவள் அதைப் பற்றி யோசிக்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வாசித்தாள்.

முதலில் அவன் பெருமைப்பட்டான். என் கடைக்கு வந்து, "நம்ம மீனா ரெண்டு வரி வாசிக்கிறாடா" என்றான். ஒரு மாதம் கழித்து வந்தபோது அந்தப் பேச்சை எடுக்கவில்லை. நானாகக் கேட்டேன். "வாசிக்கிறா" என்று மட்டும் சொன்னான்.

தொண்ணூற்றாறு பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மீனம்மா எங்களுக்குச் சோறு கொண்டுவந்தாள். செல்லசாமி பேஸை வைத்துவிட்டு வெளியே போயிருந்தான். உமாசுதன் ஓர்கனில் அந்தக் கசெட்டுப் பாட்டைத் தடவிக்கொண்டிருந்தார். நான்தான் விளையாட்டாக, "அக்கா, நீங்களும் வாசிப்பீங்களாமே?" என்று கிட்டாரை நீட்டினேன். அவள் வாசலைப் பார்த்தாள். பிறகு வாங்கிக்கொண்டு, சோற்றுப் பானைக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

நான் தாளம் போட்டேன். அவள் முதல் அடியை இறக்கினாள். பன்னிரண்டு வருடம் டிரம்ஸ் வாசித்த எனக்கு அன்றைக்குத்தான் உட்கார ஒரு நாற்காலி கிடைத்தது போல இருந்தது. செல்லசாமி வாசிக்கும்போது அவன் என்னைத் துரத்திக்கொண்டே வருவான். இவள் எனக்கு முன்னாலேயே வந்து காத்திருந்தாள். உமாசுதன் இரண்டு சுற்றுக்கு வாசிக்கவே இல்லை. பிறகு வலது கையால் மேலே ஏதோ புதிதாகக் கட்டத் தொடங்கினார், கசெட்டில் இல்லாத ஒன்று. ஐந்து நிமிடம் போயிருக்கும். நிமிர்ந்தால் செல்லசாமி வாசலில் நிற்கிறான்.

"அக்கா, இதுதான்," என்றார் உமாசுதன். "என்ர அண்ணன் பதினைஞ்சு வருசமா கடிதத்தில எழுதுறது இதைத்தான். எனக்கு இண்டைக்குத்தான் விளங்கினது."

செல்லசாமி சிரித்தான். "நல்லாத்தான் இருக்கு" என்றான். உமாசுதன் 'அக்கா' என்று சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த மரியாதையைப் பார்த்ததாகப் பின்னால் என்னிடம் சொன்னான். "என்னை ஒரு நாளும் அப்படிப் பாத்ததில்லடா. ஒரு நாளும்."

அந்த வருட ஏப்ரலில் ஹோட்டல் புல்வெளியில் ஞாயிறு பிற்பகல் தேநீர் நடனம் வைத்திருந்தார்கள். அதில் இரண்டு பாட்டுக்கு மீனம்மா பேஸ் வாசிக்கட்டும் என்று உமாசுதன் சொன்னார். மற்ற பாட்டுகளுக்குச் செல்லசாமி. எல்லோரும் செல்லசாமியைப் பார்த்தோம். "சரி சேர்" என்றான். "அதுக்கென்ன, வாசிக்கட்டும்."

ஏப்ரலில் கொழுந்து கொட்டுகிற காலம். தோட்டத்தில் ஞாயிறும் வேலை உண்டு, லீவு சொல்லித்தான் எடுக்க வேண்டும். மீனம்மா முந்திய வாரமே மலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயாவிடம் சொல்லிவைத்தாள். அவர் தலையாட்டினார். தங்கச்சி கல்யாணத்துக்கு எடுத்த பச்சைச் சேலையைத் துவைத்துக் காயப்போட்டாள்.

சனிக்கிழமை மாலை செல்லசாமி கண்டாக்கின் வீட்டுக்குப் போனான். "ஐயா, நாளைக்கு எங்க வீட்டுக்காரிக்கு லீவு குடுக்காதீங்க" என்றான். கண்டாக்கு ஏன் என்று கேட்டார். "ஹோட்டலுக்கு வர்றேங்கிறா. நாலு பேரு நாலு விதமா பேசுவாங்க" என்று ஒரு காரணம் சொன்னான். அது பொய் என்று சொல்லும்போதே அவனுக்குத் தெரியும். யாரும் எதுவும் பேசியிருக்கவில்லை. லயமே அவள் வாசிப்பதைக் கேட்டுப் பழகியிருந்தது.

மறுநாள் காலை பெரட்டுக் களத்தில், கூடையோடு எல்லாப் பெண்களும் நிற்கும்போது, மீனம்மா லீவை நினைவுபடுத்தினாள். கண்டாக்கு பேர் எழுதுகிற துண்டுச் சீட்டிலிருந்து தலை நிமிராமல் சொன்னார்: "லீவு இல்ல மீனம்மா. ஒம் புருசன்தான் நேத்து வந்து குடுக்க வேணாம்னான். என்னையக் குத்தம் சொல்லாத. எட்டாம் நம்பர் மலைக்குப் போ."

அவள் சேலையை இழுத்துச் செருகினாள். கூடையை எடுத்துக்கொண்டு எட்டாம் நம்பர் மலைக்கு ஏறினாள்.

நாங்கள் ஹோட்டலில் காத்திருந்தோம். செல்லசாமி தனியாக வந்தான். "லீவு கெடைக்கல" என்றான். உமாசுதன் ஓர்கன் முன்னால் உட்கார்ந்தார். அந்த இரண்டு பாட்டையும் செல்லசாமியே வாசித்தான். ஒரு சுரம் பிழைக்கவில்லை. அவன் அதுவரை வாசித்ததில் அதுதான் சுத்தமான வாசிப்பு. புல்வெளியில் நாற்பது பேர் இருந்தார்கள். ஒருவரும் எழவில்லை. ஒரு பெண் கேக்கில் இருந்த திராட்சையைப் பொறுக்கித் தட்டின் ஓரத்தில் வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது பாட்டு பாதியில் இருக்கும்போது முன்வரிசையில் ஒருவர் சிங்களத்தில் பைலா கேட்டார். நாங்கள் பைலா வாசித்தோம். உடனே எல்லோரும் எழுந்து ஆடினார்கள்.

திரும்பும் பஸ்ஸில் செல்லசாமி என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பஸ் நானு ஓயாவைத் தாண்டியது. பிறகு, "அவ இருந்திருந்தா ஆடியிருப்பாங்க இல்ல?" என்றான். நான் ஆமாம் என்றேன். நான் இல்லை என்று சொல்வேன் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். அதற்குப் பிறகு இரண்டு வாரம் அவன் கடைப் பக்கம் வரவில்லை.

மீனம்மா வீட்டில் சண்டை போடவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. சமைத்தாள், தண்ணீர் பிடித்தாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள். கிட்டாரைத் தொடவில்லை. அவனோ தந்தியைச் சுருதி கூட்டி, அவள் கண்ணில் படுகிற இடத்தில் சாத்தி வைத்தான். ஒரு மாதம், இரண்டு மாதம், எட்டு மாதம். ஒரு நாள் மத்தியானம் தொழிற்சாலையில் இருந்து கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு ஏதோ வேலையாகப் போனவன், மேலே மலையில் கைதட்டுச் சத்தம் கேட்டு நின்றான். மீனம்மா கூடையின் விளிம்பில் கட்டைவிரலால் தட்டி அந்தப் பாட்டின் பேஸை வாயால் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட இருந்த பெண்கள் கைதட்டினார்கள். நாகலெட்சுமி என்கிற நடுவயதுக்காரி, இடுப்பில் படங்குச் சாக்கு கட்டியபடியே, இரண்டு தேயிலை நிரைக்கு நடுவில் ஆடினாள்.

"எனக்கு எதிர்ல வாசிக்க மாட்டா. அங்க வாசிக்கிறா," என்று என்னிடம் வந்து சொன்னான். "கிட்டாரே இல்லாம வாசிக்கிறாடா. நான் கிட்டார வச்சுக்கிட்டு என்ன செய்யிறது?"

தொண்ணூற்றெட்டில் உமாசுதனுக்கு லண்டன் போக விசா கிடைத்தது. புறப்படுவதற்கு முந்திய நாள் லயத்துக்கு வந்தார். கையில் சப்பாத்துப் பெட்டி ஒன்று. உள்ளே இருபத்திரண்டு கசெட், அண்ணனின் கடிதங்களில் கொஞ்சம். செல்லசாமி கை நீட்டினான். உமாசுதன் அவனைத் தாண்டிப் போய்ப் பெட்டியை மீனம்மாவிடம் கொடுத்தார்.

"அக்கா, இது உங்களுக்கு. எழுபதுகளில இருந்து இப்ப வரைக்கும் ஒழுங்கா அடுக்கியிருக்கு. அமெரிக்காவில சனம் இதை மறக்கத் தொடங்கேக்க இங்கிலாந்தில ஆடுற இடங்களில பிடிச்சுக்கொண்டினம். மேற்கிந்தியத் தீவுகளில இருந்து வந்த ஆக்களின்ர பிள்ளையள் தாங்களே குழு அமைச்சவை. இப்பத்தைப் பெடியள் அந்தப் பழைய தட்டுகளில இருந்து துண்டு துண்டா வெட்டிப் புதுப் பாட்டுச் செய்யிறாங்கள். எல்லாம் அண்ணன் எழுதியிருக்கிறார். நேரம் இருக்கேக்க வாசியுங்கோ."

"நான் அஞ்சாம் வகுப்புதான் சேர்."

"தமிழிலதான் எழுதியிருக்கு."

அவர் போன பிறகு செல்லசாமி பெட்டியைத் திறந்தான். மேலே இருந்தது அந்த முதல் கசெட். அவன் அதை எடுத்தான், நாடாவுக்குள் விரலை விட்டான், இழுத்தான். முழ முழமாக இழுத்துத் தரையில் போட்டான். ஒரு இடத்தில் அறுந்தது. மீனம்மா கதவோரம் நின்று பார்த்தாள். அவன் கை ஓய்ந்ததும் வந்து உட்கார்ந்தாள். நாடாவைச் சிக்கெடுத்து, ஒரு பேனாவைச் சக்கரத்தில் விட்டுச் சுற்றத் தொடங்கினாள். அறுந்த இடத்தை டேப் ஒட்டிச் சேர்த்தாள். முடிக்க அந்திவரை ஆனது. அவன் எழுந்து போகவில்லை.

"லீவ நிறுத்துனது நான்தான்" என்றான் கடைசியில்.

"தெரியும். பெரட்டுல வச்சே சொன்னாரு."

"ரெண்டு வருசமா ஏன் கேக்கல?"

"கேட்டா என்ன சொல்லுவீங்க?"

அவனுக்குச் சொல்ல இருந்தது. அதைத்தான் என்னிடம் அப்படியே ஒப்பித்தான்: "எனக்கு வராதது ஒனக்கு வந்துச்சு. நான் பக்கத்துல இருந்து எப்படிப் பாத்துக்கிட்டு இருப்பேன்னு சொன்னேன்டா."

மீனம்மா கசெட்டைப் பெட்டியில் வைத்து மூடினாள். "பாத்துக்கிட்டு இருக்க வேணாம். நீங்களும் கூட வாசிங்க," என்றாள். பிறகு, "இன்னொரு வாட்டி கண்டாக்கு வீட்டுக்குப் போனீங்கன்னா நான் எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிருவேன். வலப்பனைக்கு பஸ் இருக்கு" என்றாள். குரலை உயர்த்தவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவள் ஒத்திகைக்கு வந்தாள். செல்லசாமி என் கடையில் கிடந்த பழைய கிட்டார் ஒன்றை எடுத்துக்கொண்டான். அந்த இசையில் கிட்டாருக்குப் பெரிய வேலை இல்லை. மேல் தந்திகளை லேசாக அமுக்கி, தாளத்துக்குத் தாளம் 'சக்கு சக்கு' என்று சுரண்ட வேண்டும். பெயர் தெரியாமல் பின்னால் நின்று செய்கிற வேலை. அதை அவன் நன்றாகச் செய்தான். பொறாமைக்காரனுக்குக் காது கூர்மை, அவள் எங்கே இடம் விடுகிறாள் என்று அவனுக்குத்தான் முதலில் தெரியும். அந்த இடத்தில் நறுக்கென்று தன் சுரண்டலை வைப்பான். அவள் அதற்கு ஒரு நாளும் திரும்பிப் பார்த்ததில்லை, தலையை மட்டும் ஆட்டுவாள்.

ஹட்டனில் வாசித்தோம், வலப்பனையில் வாசித்தோம். பொம்பிளை பேஸ் அடிக்கிறாள் என்று பார்க்க வந்த கூட்டம் உண்டு, ஏசிய ஆட்களும் உண்டு. சுவரொட்டியில் 'மீனம்மா குழு' என்று ஒரு கோயில்காரர் தானாகவே போட்டுவிட்டார். செல்லசாமி அந்தச் சுவரொட்டியைக் கிழிக்கவில்லை. ஆனால் அந்தத் தெருவழியாகப் போகாமல் ஒரு வாரம் சுற்றிப் போனான்.

இரண்டாயிரத்து மூன்றில், நாட்டில் போர் ஓய்ந்திருந்த வருடம், நுவரெலியா ஹோட்டலில் மறுபடி தேநீர் நடனம் வைத்தார்கள். வெளிநாட்டுக்காரர்கள் நிறைய. மீனம்மா அந்தப் பழைய பாட்டைத் தொடங்கினாள். இரண்டாம் சுற்றிலேயே இரண்டு பேர் எழுந்தார்கள், பிறகு பத்துப் பேர், பிறகு பரிமாறுகிற பையன்களே தட்டோடு அசைந்தார்கள். பைலா கேட்டவர்கள் யாரும் இல்லை. பாட்டு முடிந்ததும் ஒரு வயதான இங்கிலாந்துக்காரர் மேடைக்கு வந்தார். தன் இளமையில் லண்டனில் இந்த இசைக்கு வாரா வாரம் ஆடியவராம். மீனம்மாவைக் காட்டி, இவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

அரைகுறை ஆங்கிலம் தெரிந்தவன் செல்லசாமிதான். "நான்தான்" என்றான்.

அந்த மனிதர் அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார். மீனம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாவிட்டாலும் இது புரிந்தது. அவள் அவனைப் பார்த்துச் சிரித்தாள். கேலிச் சிரிப்பு இல்லை, நல்ல சிரிப்புத்தான்.

"மறுத்திருக்கலாம்ல?" என்று மறுநாள் என் கடையில் வந்து கேட்டான். "இல்லன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எனக்கு நிம்மதியா இருந்திருக்கும். வச்சுக்கன்னு குடுத்துட்டா. அவகிட்ட அம்புட்டு இருக்கு."

இரண்டாயிரத்து ஏழு வரை குழு நடந்தது. பிறகு என் முதுகு டிரம்ஸுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, ஆட்களும் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டார்கள். மீனம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறாள். சாயந்தரம் வாசிக்கிறாள். நான் போகும்போதெல்லாம் செல்லசாமி அவளுக்கு எதிரே கதிரையில் உட்கார்ந்து சுரண்டிக்கொண்டிருப்பான். அவள் கட்டைவிரலைவிட்டுக் கண்ணை எடுக்க மாட்டான். போன மாதம் என்னை வாசல்வரை வந்து வழியனுப்பியபோது, குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னான்: "நேத்து புதுசா ஒண்ணு எடுத்திருக்கா அழகுமுத்து. எப்படி எடுத்தான்னே தெரியல. பாத்துக்கிட்டே இருந்தேன், எரிச்சலா வந்துச்சு."

பிறகு உள்ளே போய், அதை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னான்.